இந்தியாவில் பிளாக்செயின் மென்பொருள் உருவாக்குநர்களின் சட்டநிலை

இந்தியாவில் பிளாக்செயின் மென்பொருள் உருவாக்குநர்களின் சட்டநிலை என்பது, மறையீட்டு நாணயங்களைக் கையாளும் மென்பொருளை எழுதுவோர் பணப் பரிமாற்றச் சட்டங்களுக்கு எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதைக் குறிக்கும். நிரல் எழுதுவதே பணப் பரிமாற்றத் தொழில் ஆகுமா, அல்லது பிறர் சொத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் மட்டுமே அத்தொழிலைச் செய்பவரா என்பது இதன் மையக் கேள்வி ஆகும்.

பின்னணி

கோவில்பட்டித் தீப்பெட்டி வணிகர் ஒருவர் வெளியூருக்குப் பணம் அனுப்பும்போது, இடையில் உள்ள வங்கியோ அஞ்சலகமோ அப்பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்க்கிறது. பணப் பரிமாற்றச் சட்டங்கள் இந்த இடையாளரை நோக்கியே இயற்றப்பட்டுள்ளன. அனுமதி பெறுதல், வாடிக்கையாளரை அடையாளம் காணுதல், பதிவேடு பேணுதல் ஆகியவை அவருடைய கடமைகள்.

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே வேளையில் பேணப்படும் பொதுக் கணக்கேடு ஆகும். இதில் ஒரு நாணயத்தை நகர்த்த அதற்குரிய இரகசியச் சாவி தேவை. சந்தை நிறுவனங்கள் பயனரின் சாவியைத் தாமே வைத்திருக்கின்றன. தற்காப்புப் பணப்பை வகை மென்பொருளில் சாவி பயனரிடமே இருக்கிறது. மென்பொருளை எழுதியவரால் அந்த நாணயத்தைத் தொட இயலாது. ஆகவே பழைய பொருளில் இடையாளர் என ஒருவரைச் சுட்டுவது கடினமாகிறது.

இந்தியச் சட்டங்கள்

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று, மெய்நிகர் நாணய வணிகர்களுக்குச் சேவை வழங்க வங்கிகளுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று இத்தடையை நீக்கியது. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 'மெய்நிகர் எண்முறைச் சொத்து' என்பதற்கு வரையறை தந்து, அதன் மூலம் கிடைக்கும் வருமானத்திற்கு 30 விழுக்காடு வரி விதித்தது.

2023 மார்ச் 7 அன்று நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை, இத்துறையைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், 2002இன் கீழ்க் கொண்டுவந்தது. அது ஐந்து செயல்களைக் குறிப்பிடுகிறது:

* இச்சொத்துகளுக்கும் அரசு நாணயத்திற்கும் இடையிலான மாற்றம்
* ஒரு வகைச் சொத்தை மற்றொரு வகையாக மாற்றுதல்
* சொத்துகளைப் பரிமாற்றுதல்
* சொத்துகளையோ அவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகளையோ பாதுகாத்தல் அல்லது நிருவகித்தல்
* வெளியீடு, விற்பனை ஆகியவை தொடர்பான நிதிச் சேவைகள்

இவற்றைப் பிறருக்காகத் தொழில்முறையில் செய்வோர் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவுசெய்ய வேண்டும். ஐயத்திற்குரிய பரிமாற்றங்களை அதற்குத் தெரிவிக்கவும் வேண்டும். பயனர்களின் சாவிகளை வைத்திருக்கும் நிறுவனம் நான்காவது வகையில் அடங்கும். மென்பொருள் எழுதுதல் இப்பட்டியலில் தனியே குறிப்பிடப்படவில்லை.

எனினும் உருவாக்குநருக்கு இடர் இல்லை எனக் கொள்ள இயலாது. இச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, குற்றத்தால் ஈட்டிய பணத்தை மறைக்க அறிந்தே உதவுவதும் குற்றமாகும். இதற்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை உண்டு. 45ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யவில்லை என நம்புவதற்குத் தக்க காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால்தான் பொதுவாகப் பிணை கிடைக்கும். எனவே உருவாக்குநர் எதனை அறிந்திருந்தார் என்பது வழக்கின் போக்கைத் தீர்மானிக்கக்கூடியது.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு

2024 சூலையில் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதன்பின் முடக்கப்பட்ட தம் எக்ஸ்ஆர்பி நாணயங்களுக்குப் பாதுகாப்புக் கோரி ஒரு பயனர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். திருடப்பட்டவை வேறு வகை நாணயங்கள் ஆகும். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், மறையீட்டு நாணயம் ஒரு சொத்து என்றும், அதனைப் பிறர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க இயலும் என்றும் கூறினார். இத்தீர்ப்பு பணப் பரிமாற்றச் சட்டம் பற்றியது அன்று. ஆயினும் பிறர் சொத்தைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பை அது தெளிவாக்குகிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், பரிமாற்றத்தை மறைக்கும் மென்பொருளை வழங்குபவர் பணப் பரிமாற்றர் அல்லர் என்றும், அம்மென்பொருளைக் கொண்டு பிறரின் நாணயத்தைப் பெற்று அனுப்புபவரே பணப் பரிமாற்றர் என்றும் வேறுபடுத்தியது. ஆயினும் டொர்னாடோ கேஷ் மென்பொருளை உருவாக்கியவர்களுள் ஒருவரான ரோமன் ஸ்டார்ம், உரிமம் இன்றிப் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்த குற்றத்திற்காக 2025 ஆகத்து 6 அன்று நியூயார்க்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஏனைய இரு குற்றச்சாட்டுகளில் நடுவர் குழு ஒருமித்த முடிவை எட்டவில்லை. அதே மென்பொருள் தொடர்பாக நெதர்லாந்து நீதிமன்றம் 2024 மே மாதத்தில் அலெக்சி பெர்ட்செவ் என்பவருக்கு 64 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

கருத்து வேறுபாடு

நிரல் ஒரு கருவியே என்றும், பூட்டு செய்தவரைத் திருட்டுக்குப் பொறுப்பாக்கக்கூடாது என்றும் உருவாக்குநர் தரப்பினர் வாதிடுகின்றனர். கட்டணம் பெற்று, இணையத்தளம் நடத்தி, திருட்டுப் பணம் வருவதை அறிந்தும் தொடர்பவர் வெறும் நிரலர் அல்லர் என்பது அரசுத் தரப்பு வாதம். சாவி யாரிடம் உள்ளது, வருவாய் யாருக்குச் செல்கிறது, மென்பொருளை மாற்றவோ நிறுத்தவோ யாரால் இயலும் ஆகிய மூன்று வினாக்களும் இவ்விவாதத்தில் முதன்மை பெறுகின்றன.