பட்ஜெட்டில் ஐரோப்பா டூர்: பர்ஸைக் காலி செய்யும் 4 சின்ன விதிகள்!

20 யூரோவுக்கு ஃப்ளைட் டிக்கெட் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், மிச்சம் பிடித்த காசு மொத்தமும் கரைவது, நாம் படிக்காமல் விட்ட விதிகளில்தான்.

ஏர்போர்ட்: ‘பாரிஸ் பூவே’ என்று டிக்கெட்டில் இருக்கும். ஆனால், அங்கிருந்து பாரிஸ் சுமார் 80 கி.மீ. தூரம்! பஸ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

செக்-இன்: ரயன்ஏரில் ஆன்லைனில் செக்-இன் செய்யாமல் போனால் 55 யூரோ வரை கட்டணம். டிக்கெட் விலையையே தாண்டிடும்.

ரயில்: இத்தாலியின் ரீஜனல் ரயில்களுக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தால், ஏறும் முன் ஸ்டேஷன் மெஷினில் முத்திரை குத்தணும். மறந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்.

விசா: ரொம்ப முக்கியமானது இதுதான். குரோஷியா 2023 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. பக்கத்து நாடான போஸ்னியா இல்லை. ‘சிங்கிள் என்ட்ரி’ விசாவோடு டுப்ரோவ்னிக்கிலிருந்து போஸ்னியாவுக்கு ஒருநாள் டூர் கிளம்பினால், அதே விசாவில் திரும்பி வர முடியாது. மீதிப் பயணத்துக்கான ரூம், ஃப்ளைட் புக்கிங் எல்லாம் வீண்.

விசா ஸ்டிக்கரில் என்ட்ரி எண்ணிக்கை ‘01’ என்றால், ஒரே ஒரு முறைதான் அனுமதி. எல்லை தாண்டும் டூரை புக் செய்யும் முன் அதை ஒரு தடவை பார்த்துடுங்க!