தியேட்டர் கதவுக்கு இந்தப் பக்கம்

டீ சொல்லியாச்சு தம்பி. அது வருவதற்குள் ஒன்றைத் தீர்த்துவிடலாம். “அழ அழ விட்டீங்க, அதான் குடல் இறங்கிடுச்சு” என்று உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதில் உண்மை இல்லை. ஆண் குழந்தையின் விரைகள் கருவில் உருவாவது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். ஏழாம் மாதத்தை ஒட்டி அவை தொடை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது வயிற்றின் உள்சவ்வும் கொஞ்சம் கூடவே வருகிறது. அப்படி உண்டாகும் பாதை பிறப்பை ஒட்டியோ அடுத்த சில மாதங்களிலோ தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குடலின் ஒரு பகுதி அதற்குள் வந்து வந்து போகும். உங்கள் பையனுக்கு டாக்டர் சொன்ன ஹெர்னியா இதுதான். வெறும் நீர் மட்டும் இறங்கினால் அது ஹைட்ரோசீல். அழும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், வீக்கம் கண்ணுக்குத் தெரியும். தூங்கினால் உள்ளே போய்விடும். பாதை திறந்திருந்தது பிறவியிலேயே. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இது அதிகம். வலது விரை சற்றுத் தாமதமாக இறங்குவதால் வலப்பக்கத்தில் அதிகம்.

தொப்புளில் வருவது வேறு கதை. அது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் நாணயத்தை வைத்துக் கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. தொடை இடுக்கில் வருவது தானாக மூடாது. பெல்ட் போட்டாலும் மூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு “எங்க பேரனுக்குத் தானா சரியாப் போச்சு” என்று சொல்பவர்களிடம் வாதாடாதீர்கள், அறுவைத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குடல் உள்ளே திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். வீக்கம் கல்லாக இறுகி, தொட்டாலே குழந்தை வீறிட்டு, பச்சையாக வாந்தி எடுத்தால் நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். அறுவை நாள்வரை ஒரு சின்ன உபாயம்: வீக்கம் தெரியும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் வீக்கம் மறைந்துவிடுவது இந்த நோயின் குணம்.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரியவர்களுக்கு வரும் ஹெர்னியாவில் தசைச் சுவர் தளர்ந்திருக்கும், வலை வைத்துத் தைப்பார்கள். குழந்தைக்குத் தசையில் கோளாறு இல்லை, வலையும் வேண்டாம். தொடை மடிப்பில் சின்னதாகக் கீறி, இறங்கி வந்திருக்கும் சவ்வை விந்துக் குழாயிலிருந்தும் ரத்தக் குழாய்களிலிருந்தும் பிரித்தெடுத்து, பாட்டியின் சுருக்குப் பை வாயை இழுத்துக் கட்டுவதுபோல அதன் கழுத்தைக் கட்டிவிடுவார்கள். நிதானமான கை வேண்டிய வேலை, அதனால் குழந்தைகள் அறுவை நிபுணர் செய்வதே நல்லது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. பெரும்பாலும் தையல் தானே கரையும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அன்று மாலையே வீடு.

உங்கள் வேலை அதற்கு முன்னும் பின்னும். முதல் வேலை, வெறும் வயிறு. திட உணவும் பசும்பாலும் பவுடர் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்பு, தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு. இது பொதுவான கணக்கு. சில இடங்களில் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வதே உங்களுக்குச் சட்டம். பாலை ஏன் தண்ணீரோடு சேர்க்கவில்லை என்று நான் கேட்டேன். வயிற்றுக்குள் போனதும் பால் திரிந்து கட்டியாகிவிடும், இரைப்பையை விட்டுக் கிளம்ப நேரம் எடுக்கும். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் வேலை செய்யாது. அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அந்தப் பட்டினி இதற்காகத்தான்.

இதை நீங்கள் புரிந்துகொண்டால் மட்டும் போதாது. வீட்டில் குழந்தை கைநீட்டினால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கும் காரணத்தோடு சொல்லிவைக்க வேண்டும். “டாக்டர் குடுக்கக் கூடாதுன்னார்” என்று மட்டும் சொன்னால், “பாவம் புள்ள, ஒரு பிஸ்கட் என்ன பண்ணும்” என்று பதில் வரும். தப்பித்தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; தேதி தள்ளிப்போகும், வேறொன்றும் ஆகாது. அதேபோல நீங்களாகப் பயந்து தண்ணீரையும் முந்தின இரவே நிறுத்திவிடாதீர்கள். தாகத்தில் இருக்கும் மூன்று வயதுக்காரனைச் சமாளிப்பது அறுவையைவிடக் கடினம். பட்டியலில் சின்னக் குழந்தைகளை முதலில் எடுப்பார்கள், இருந்தாலும் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சளி பிடித்திருந்தால் சொல்லுங்கள். லேசான மூக்கொழுகலுக்கே சில சமயம் திருப்பி அனுப்புவார்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்க வாயுவில் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு அரைஞாண் கயிறு. அதைக் கழற்றச் சொல்வார்கள். கொலுசு, காப்பு, தாயத்து எல்லாமும்தான், மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்தும் கருவிக்குப் பக்கத்தில் உலோகம் இருக்கக் கூடாது. இதை முந்தின நாளே வீட்டில் நிதானமாகக் கழற்றிவிடுவது உத்தமம். தியேட்டர் வாசலில் சிஸ்டர் கத்தரிக்கோலை எடுக்கும்போது அபசகுனம் என்று யாராவது அழ ஆரம்பித்தால் குழந்தையும் சேர்ந்து அழும்.

குழந்தையிடம் என்ன சொல்வது? பொய் மட்டும் வேண்டாம். பூங்காவுக்குப் போகிறோம் என்று கூட்டிப்போனால் அடுத்த முறை பூங்காவுக்கும் வரமாட்டான். முந்தின நாள் இரண்டே வரியில் சொன்னால் போதும்: “இந்த வீக்கத்தை டாக்டர் சரிபண்ணுவார், நீ தூங்கிட்டிருப்ப, எழுந்திரிக்கறப்ப நாங்க இருப்போம்.” இதில் கடைசிப் பகுதியைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள்.

பல மருத்துவமனைகளில் சின்னக் குழந்தைக்கு ஊசியில் ஆரம்பிக்க மாட்டார்கள். முகமூடி வழியாக செவோஃப்ளூரேன் என்ற வாயுவை முகரவைப்பார்கள், தூங்கிய பிறகு கையில் வென்ஃப்ளான் என்ற மருந்து ஏற்றும் குழாயைப் போடுவார்கள். சில இடங்களில் அந்த நேரம் பெற்றோர் ஒருவரை உள்ளே விடுவார்கள். விட்டால், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். குழந்தை திமிறலாம், கண் மேலே செருகலாம், கை கால் வெட்டி இழுக்கலாம், குறட்டை வரலாம், பிறகு தலை உங்கள் கையில் துவண்டு விழும். மயக்கம் ஏறும் வழியில் வரும் வழக்கமான படிகள் இவை. உள்ளே போன என் மனைவியிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருத்துவர்களுக்கு அன்றாடம் பார்க்கும் காட்சி, அதனால் சொல்லத் தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன். தூங்கியதும் வாலெலும்புக்கு மேலே ஒரு ஊசி போடுவார்கள். அதனால் இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் வலி தெரியாது.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்றுதானே கேட்கவந்தீர்கள்? நியாயமான கேள்வி. மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலோ மயக்கம் கொடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. ஆனால் இதே ஹெர்னியா அறுவைக்கு வந்த கைக்குழந்தைகள் 722 பேரை வைத்து ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறுபாதிக்கு விழித்திருக்கும்போதே முதுகில் மரப்பு ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவுப்படி இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. உங்கள் பையனுக்கு ஆகப்போவது அந்த மாதிரிக் குட்டி மயக்கம்தான்.

பிறகு நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க ஒரு பழைய கதை. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் குழந்தைகளுக்கு வெளிநோயாளிகளாகவே 8,988 அறுவைகள் செய்து வீட்டுக்கு அனுப்பியதை 1909இல் எழுதினார். ஹெர்னியாவும் அதில் உண்டு. பால் குடிக்கும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஊர் கேட்கவில்லை. அதன் பிறகும் பல காலம் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோரைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் எட்டிப்பார்க்க விட்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு படம் எடுத்தார். சின்ன அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை, அம்மா இல்லாமல் என்ன ஆகிறாள் என்பதை அது அப்படியே காட்டியது. பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் சொல்லிவிட்டது. “அட்டெண்டர் வெளியே இருங்க” என்று யாராவது அதட்டினால், மயக்கம் தெளியும் இடத்துக்குள் கூப்பிடுவீர்களா என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஏனென்றால் பெரும்பாடு அங்கேதான். இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் சிலர் செவோஃப்ளூரேனிலிருந்து தெளியும்போது வெறி பிடித்தவர்கள்போல அலறுவார்கள். அம்மாவையே தள்ளிவிடுவார்கள், வென்ஃப்ளானைப் பிடுங்கப் பார்ப்பார்கள், கண் திறந்திருக்கும், யாரையும் அடையாளம் தெரியாது. வலி இல்லாவிட்டாலும் இது வரும். என் மகன் என்னை மிதித்தான், என்னவோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “கால் மணி, அரை மணியில் அடங்கிடும் சார், அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது” என்றார் சிஸ்டர். அப்படியேதான் அடங்கினான். விளக்கைக் குறைத்து, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பதுதான் செய்யக்கூடியது. சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிலைமை மோசமாகும்.

வீட்டுக்கு வந்ததும் கால் மரத்திருக்கலாம், அன்று தனியாக நிற்கவிடாதீர்கள். மரப்பு விலகும் முன்பே பாராசிட்டமாலை ஆரம்பித்து, எடைக்கேற்ற அளவில் ஓரிரு நாள் நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்வார்கள். அழுதபிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் வலியை விரட்டிப் பிடிக்க நேரமாகும். விரைப் பை சில நாள் வீங்கியிருக்கும். காய்ச்சல், சீழ், நிற்காத வாந்தி, சிறுநீர் போகாமை இருந்தால் போன் செய்யுங்கள். ஒன்றிரண்டு வாரம் ராத்திரியில் திடுக்கிட்டு எழலாம், படுக்கையை நனைக்கலாம், சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொள்ளலாம், கண்டிக்காதீர்கள், போய்விடும். படுத்தே இரு என்றால் கேட்கமாட்டான், கேட்கவும் வேண்டாம். மூன்று சக்கர சைக்கிளை மட்டும் டாக்டர் சொல்லும்வரை பரணில் போட்டுவையுங்கள். சிலருக்குப் பின்னாளில் மறுபக்கமும் இறங்குவதுண்டு. குளிப்பாட்டும்போது அந்தப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.