கூடை ஒன்று, கணக்கு இரண்டு

ராயக்கோட்டைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ, என்னவோ! போகாவிட்டாலும் அந்த ஊர்த் தக்காளி உங்கள் வீட்டு ரசத்தில் மிதந்திருக்கக் கூடும். ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடையே, ரயில் பாதை ஓரமாக, ஒரு பெரிய குன்று தலையிலே கோட்டையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. 1791-ல் திப்பு சுல்தானின் வீரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. ஊரிலே தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு, கன்னடமும் உண்டு. சந்தையில் பேரம் பேசும்போது மூன்றும் ஒரே வாயில் வரும்.

நான் போனது கோட்டையைப் பார்க்க அல்ல. என் தங்கையைப் பார்க்க. அவள் கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓட்டி ஜீவனம் செய்யும் ஓர் அம்மாள் இருக்கிறார். முன்பெல்லாம் நான் போனால், "தம்பி எப்ப வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே தயிர்க் கிண்ணத்துடன் வந்து நிற்பார். இந்தத் தடவை மெஷின் சத்தம் மட்டும் கேட்டதே தவிர அம்மாளைக் காணோம்.

"என்ன, சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்லை, அண்ணா. ஒரு கார்ட்டினால் வந்த வினை" என்றாள் தங்கை.

விஷயம் இதுதான். செல்போனில் சாமான் வாங்கும் ஒரு கடையில், 2,000 ரூபாய்க்கு வாங்கினால் 300 ரூபாய் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. தங்கைக்கு வேண்டியது 1,200 ரூபாய்க் குக்கர் ஒன்றுதான். எஞ்சிய 800-க்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அம்மாளின் பேரனுக்குப் பள்ளிக்கூட ஷூ வேண்டியிருந்தது. "கிருஷ்ணகிரிக்குப் போய் வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்றவரை, "பஸ் செலவு எதற்கு? என் கார்ட்டிலேயே போட்டுவிடலாம், வாங்க" என்று இழுத்து உட்கார வைத்தவள் என் தங்கையேதான். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு ஷூ பார்த்தார்கள். 800 ரூபாயில் ஒன்று அகப்பட்டது. மொத்தம் 2,000, கட்டியது 1,700. தள்ளுபடியை விலைக்குத் தக்கபடி பிரித்தார்கள். குக்கருக்கு 180, ஷூவுக்கு 120. அம்மாள் 680 ரூபாயைக் கையில் கொடுத்தார். இதுவரை எல்லாம் சுபம்.

குக்கர் விசில் அடித்தது. ஷூதான் பேரன் காலில் ஏறவில்லை. திருப்பி அனுப்பினார்கள். கடைக்காரர் திருப்பித் தந்ததோ 500 ரூபாய்!

"680 எங்கே, 500 எங்கே? உன் தங்கை எடுத்துக்கொண்டாள் என்று அவர் நினைக்கிறார். வந்ததை அப்படியே கொடுத்துவிட்டேன், அண்ணா!" என்று அவள் கண் கலங்கினாள்.

கடைக்காரர் கணக்கிலே தவறு இல்லை. ஷூ போன பிறகு கார்ட்டில் மிஞ்சியது 1,200 ரூபாய்தான். அதற்குத் தள்ளுபடி கிடையாது. ஆகவே கட்டிய 1,700-லிருந்து 1,200-ஐப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட்டார். எல்லாக் கடைகளும் இப்படிச் செய்வதில்லை. சிலர் அந்தந்தச் சாமானுக்கு உரிய தள்ளுபடியை மட்டும் கழித்துத் தருவார்கள். வாங்குமுன் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இந்தக் கார்ட் என்பதன் பூர்வ கதை வேடிக்கையானது. 1937-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடை முதலாளி, ஜனங்கள் கைக்கூடை கனத்தவுடன் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களே என்று யோசித்து, கூடைக்குச் சக்கரம் வைத்தார். வந்தவர்கள் அதைத் தொடவே வெட்கப்பட்டார்கள். கடைசியில் கூலிக்கு ஆள் பிடித்துத் தள்ள வைத்துத்தான் பழக்கினார்! கம்ப்யூட்டர் யுகம் வந்தது. ஒருவர் கூடையில் என்ன போட்டார் என்பதைக் கடை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா? அதற்காக 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியின் லூ மொண்டுல்லி கண்டுபிடித்ததுதான் 'குக்கி' என்ற சின்னஞ்சிறு குறிப்புச் சீட்டு. ஆனால் அந்தச் சீட்டு அடையாளம் காட்டுவது ஒரே ஓர் ஆளைத்தான். கூடையில் இரண்டு வீட்டுச் சாமான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பணம் கட்டியவர் யாரோ அவருக்கே திரும்பி வரும்; அதில் பாதி பக்கத்து வீட்டுப் பணம் என்றால் கடைக்கு அதைப் பற்றி என்ன?

சீனாக்காரர்கள் இதைக் கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்தார்கள். 2015-ல் தோன்றிய பின்டுவோடுவோ என்ற கடையிலே ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலை. தனியாக வாங்கினால் ஒன்று, சினேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு வாங்கினால் அதைவிடக் குறைவு. 24 மணி நேரத்துக்குள் ஆள் சேர வேண்டும். அவரவர் பங்கை அவரவரே கட்டுகிறார்கள். ஆகவே திருப்பித் தந்தாலும் அவரவர் பணம் அவரவருக்கே போகிறது.

சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிதா என்ன? 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி மாவும் வெண்ணெயும் விற்கும் கூட்டுறவுக் கடை வைத்த கதை பாடப் புத்தகத்தில் வரும். நம் திருவல்லிக்கேணியிலும் 1904-லேயே அப்படி ஒரு பண்டகசாலை பிறந்துவிட்டது. டி.யு.சி.எஸ். என்றால் சென்னைவாசிகளுக்குப் புரியும். அதெல்லாம் எதற்கு? பண்டிகைக்குப் பத்து வீடு சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுகிறார்களே, அதுவும் கூட்டுக் கார்ட்தான். ஆனால் ஆட்டை வெட்டின பிறகு, "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று யாரும் சொல்ல முடியாது. செல்போன் கடையிலோ சாமான் வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் வரை சொல்லலாம். தகராறு அங்கேதான் புகுந்துகொள்கிறது.

இன்னொரு தகராறும் உண்டு. கார்ட்டைப் பகிர்ந்துகொள்வதாக எண்ணிப் பலர் கணக்கின் ரகசியச் சொல்லையே கொடுத்துவிடுகிறார்கள். அதில் பதிந்து வைத்த பாங்கிக் கார்டும் வீட்டு விலாசமும் சேர்ந்தே போகின்றன. சாமானின் சுட்டியை வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா? கடைசி முறை கூட்டிப் பார்ப்பதும் நல்லது. நாம் போடாத சாமானைக் கடையே கூடையில் நுழைப்பது உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. அப்படி நடந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

ராயக்கோட்டைத் தகராறுக்கு 1915 உதவாது. நான்தான் பஞ்சாயத்து.

"குக்கருக்கு உண்மையில் என்ன விலை?" என்று தங்கையைக் கேட்டேன்.

"1,200."

"அந்த அம்மாள் சேராவிட்டால் என்ன கொடுத்திருப்பாய்?"

"அதேதான்."

"இப்போது நீ கொடுத்திருப்பது 1,020. அந்த 180 ரூபாய் அவரால் உனக்குக் கிடைத்த லாபம். அவர் விலகியதும் லாபமும் போய்விட்டது. உனக்கு நஷ்டம் இல்லை. அவருக்கோ ஷூவும் இல்லை, 180 ரூபாயும் இல்லை. அது அவருக்கு ஒரு ரவிக்கை தைத்த கூலி!"

"அளவைத் தப்பாகச் சொன்னது அவர்தானே? போன வருஷத்து அளவைச் சொன்னார்!" என்று தங்கை சீறினாள். அதுவும் வாஸ்தவந்தான். என் தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனாலும் அவள் சற்று நேரம் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிவிட்டு, 180 ரூபாயை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மெஷின் சத்தம் நின்றது. வெகு நேரம் பேச்சுக் குரல் கேட்டது. திரும்பி வந்தபோது தங்கையின் கையில் 90 ரூபாய் இருந்தது.

"பாதிதான் வாங்கிக்கொண்டார். 'அளவு சொன்னது நான்தானே, கண்ணு' என்கிறார்."

சாயங்காலம் தயிர்க் கிண்ணம் வந்தது. அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து என்னை க்ஷேமம் விசாரித்துவிட்டு, தங்கையின் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இதிலே ஒரு பாவாடைத் துணி கிடக்குதே, இது உன்னுதா, என்னுதா?"