அம்மாவின் கைக்கடிகாரம்

தெரணியகலைத் தோட்ட லயத்தில் நான் வளர்ந்தபோது எங்கள் வீட்டில் கடிகாரம் இருக்கவில்லை. பிரட்டுக்கு எப்போது வருவது, வெட்டிய ரப்பர் பாலை எப்போது அளப்பது என்பதையெல்லாம் தோட்டமே தீர்மானித்தது. அம்மாவுக்கென்று நேரம் இருக்கவில்லை.

சென்ற வருடம் சீட்டுப்பணம் கிடைத்ததும் அம்மாவுக்கு ஓர் ஒட்டோமெட்டிக் கைக்கடிகாரம் வாங்கினேன். "மோதிரம் என்றால் அவசரத்துக்கு அடகாவது வைக்கலாமே" என்றார் சித்தி. நியாயம்தான். கடிகாரம் சேமிப்பல்ல. அதைக் கடன்பட்டு வாங்கக்கூடாது.

விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரங்கள் நமக்கு எட்டாதவை. ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1963இல் தொடங்கிய 'சீக்கோ 5' வரிசை போன்றவை ஓரளவு எட்டும். இவற்றுக்கு பற்றரி தேவையில்லை. கை அசையும்போது உள்ளேயுள்ள தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். கழற்றி வைத்தால் சுமார் 40 மணித்தியாலத்தில் நின்றுவிடும், அது பழுதல்ல. நாளுக்குச் சில விநாடிகள் முந்தலாம், பிந்தலாம். போலிகளும் உண்டு, பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். எங்களூர் போல மழை அதிகமென்றால், நீர் புகாத வகையா என்றும் பாருங்கள்.

சகோதரிகளே, பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த பெண்ணுக்குத் தனக்கென ஒன்று வாங்குவது குற்றமாகவே தோன்றும். போரில் இழந்து மீண்டவர்களுக்கு அந்த உறுத்தல் இன்னும் அதிகம். வீட்டுத் தேவைகள் முடிந்து சிறிது மிஞ்சினால், அதில் உங்களுக்கும் பங்குண்டு.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் கடிகாரம் இதுவரை நின்றதில்லை. அவர் கை சும்மா இருந்தால்தானே!