பாய்மரம் நேராக நிற்கிறதா?

சுவிட்சர்லாந்தின் தூன் ஏரியில் பாய்ப்படகு ஓட்டுகிறவன் நான். பழைய சிறு படகு வாங்கும் நம்மவர்கள் கூப்பிட்டால், பாயைப் பிறகுதான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை. பல சிறு படகுகளில் முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்றே கம்பிகள். ஒன்று அறுந்தாலே மரம் விழுந்துவிடும்.

பழந்துணியால் கம்பியை உருவிப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கும். பெரும்பாலும் முனைக்குழலுக்குள் கம்பி நுழையும் இடத்தில்தான். அப்படிப்பட்ட கம்பியை மாற்றியே ஆகவேண்டும், விலை பார்க்காதீர்கள்.

பிறகு, பெரிய பாயை உச்சிக்கு ஏற்றும் கயிற்றை இழுத்து, நுனியை இடப்பக்க விளிம்பில் தொடவையுங்கள். அதே நீளம் வலப்பக்கத்தில், அதே இடத்தில் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் மரம் சரிந்திருக்கிறது. சரிந்த பக்கத்துத் திருகைத் தளர்த்தி, மறுபக்கத்தை அதே அளவு முடுக்குங்கள்.

முன்பின் சாய்வுதான் ஓட்டத்தையே மாற்றும். மரம் அளவுமீறிப் பின்னே சாய்ந்தால், படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பும். சுக்கான் பிடித்த கை கடுக்கும். முன்கம்பியைச் சற்றுக் குறுக்கினால் அடங்கும். திருகுகளுக்குப் பூட்டு ஊசி போடுங்கள்; இல்லாவிட்டால் அதிர்வில் தாமாகவே கழன்றுவிடும்.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய்விரித்துப் போன கப்பல். பாய்மரத்தைச் சீர்செய்யும் இந்தக் கைவேலை நமக்கு அந்நியமல்ல.

மலைக்காற்று இந்த ஏரியில் திடீரென இறங்கும். கரையிலுள்ள செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் எச்சரிக்கை, 90 தடவை என்றால் புயல். 90ஐக் கண்டால், கம்பிகள் புதியவையானாலும் உடனே கரைக்குத் திரும்புங்கள்.