குட்டி யானை வாங்கலாமா? கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



காய்கறி, தீவனம், செங்கல் என்று எதை ஏற்றவும் இன்று நம் ஊர்களில் கூப்பிடுவது குட்டி யானையைத்தான். "கடன் போட்டு ஒண்ணு வாங்கலாமா மேடம்?" என்று குழுக் கூட்டங்களில் பலரும் நம்மிடம் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் வண்டிக்கு முன்னால் லைசென்ஸ் வாங்குங்கள் என்பதே நமது பதில்.

லைசென்ஸ் எப்படி?

18 வயது நிறைந்தவர்கள் எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி, இலகுரக வாகன உரிமம் பெறலாம். சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019ல் நீக்கப்பட்டுவிட்டது. இந்த உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய லாரிக்கு 20 வயதும், இலகுரக உரிமம் எடுத்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும்.

பொம்பளைக்கு இது சரிப்படுமா என்பவர்களிடம் சொல்லுங்கள்: குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993லேயே அரசுப் பேருந்து ஓட்டுநராகிவிட்டார்.

கணக்கு போடுவோம்

உதாரணத்துக்கு, சந்தைக்கு ஒரு நடை வாடகை ரூ.1,200. டீசல் ரூ.260, ஏற்றி இறக்கும் கூலி ரூ.200. மிச்சம் ரூ.740. மாதத் தவணை ரூ.10,000, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், ரிப்பேருக்கு மாதம் ரூ.4,000 எடுத்து வைக்க வேண்டும். அப்படியானால் 19 நடை ஓடினால்தான் கடனும் செலவும் தீரும். 25 நடை ஓடினாலும் கையில் நிற்பது ரூ.4,500 தான்!

திரும்பி வரும்போது வண்டி காலியாக வரக் கூடாது. உரமூட்டை, மளிகைச் சரக்கு என்று பத்து நடைக்கு ரூ.600 வீதம் கிடைத்தால் இன்னும் ரூ.6,000 சேரும். எனவே வண்டி வாங்கும் முன்பே கடைக்காரர்களிடம் பேசி வையுங்கள். சில மாதம் சம்பளத்துக்கு ஓட்டிப் பழகுவது இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

1. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் கட்டாயம்.

2. "கூட நாலு மூட்டைதானே" என்று ஏற்றாதீர்கள். 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000. அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000.

3. கடன் முடிந்ததும் வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் பதிவை நீக்குங்கள்.

யார் கையில் சாவி?

வண்டி நம் பேரில், தவணையும் நம் பேரில், சாவி மட்டும் வேறொருவர் கையில் என்று பல வீடுகளில் நடக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் நஷ்டஈடு உரிமையாளர் தலையில்தான் வந்து விழும். வீட்டுக்காரர் ஓட்டினாலும் சரி, தம்பி ஓட்டினாலும் சரி, அவரது லைசென்ஸைப் பாருங்கள். தினசரி வரவு செலவை நோட்டில் நீங்களே எழுதுங்கள். எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை உங்கள் ஊர் வாடகையை வைத்துப் போட்டுப் பாருங்கள். பிறகு முடிவெடுப்போம்.