பரிசு பெற்ற புல்லும் தாழையும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை நாம் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "ஐயா, துணியின்மேல் படம் எழுதுகிறவரைக் கலைஞர் என்கிறார்கள். அந்தத் துணியையே நெய்கிற எங்களைத் தொழிலாளி என்கிறார்கள். இந்தப் பேதம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். பேரேட்டில் விடை கிடைக்கும் கேள்வியன்று அது. எனினும் அதைப் புறக்கணித்துச் செல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் நகரில் இக்கேள்வி ஒரு கலைப் பரிசின் வாயிலாகவே எழுந்து, ஓரளவு விடையும் பெற்றிருக்கிறது. அவ்வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிவது பயனுடையது என்று கருதுகிறோம்.

அந்நாட்டின் பூர்வகுடிகளும் டாரஸ் நீரிணைத் தீவினரும் படைக்கும் கலைப் பொருள்களுக்காக, டார்வின் அரும்பொருட் கலைக்கூடம் 1984ஆம் ஆண்டில் ஒரு பரிசை ஏற்படுத்தியது. 1992 முதல் டெல்ஸ்ட்ரா என்னும் தொலைபேசிக் கம்பெனி அதற்குப் பொருளுதவி செய்துவருகிறது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் முதற்பரிசு 1,00,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தப்பட்டது. அதனையன்றி, ஓவியம், மரப்பட்டை ஓவியம், சிற்பம் முதலிய பிரிவுகளுக்கு 15,000 டாலர் வீதம் 6 பரிசுகள் அளிக்கப்பட்டன.

இப்பரிசில் 2005ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. அவ்வாண்டு முதற்பரிசு பெற்ற பொருள் திரைச்சீலையில் எழுதிய ஓவியம் அன்று. புல்லால் முடைந்த ஒரு மோட்டார் வண்டி! மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் உள்ள பாபுலங்குஜா என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெண்கள் 18 பேர், பாலைப்புல்லைத் திரட்டி, கம்பி வலையின்மேல் சுற்றித் தைத்து, மெய்யான வண்டியின் அளவிலேயே ஒரு டொயோட்டாவை உருவாக்கினர். அவர்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நெடுந்தொலைவு பரந்த அப்பாலையில் புல் சேகரிக்கவும், வேட்டைக்குச் செல்லவும், உறவினரைக் காணவும் அவ்வண்டியே அவர்களுக்குத் துணை. தம் வாழ்வைச் சுமந்து செல்லும் பொருளைத் தம் கைத்தொழிலால் செய்து காட்டினர். பரிசும் தனியொருவருக்கு அன்றி அக்குழு முழுவதற்கும் வழங்கப்பட்டது.

இப்பெண்கள் பன்னெடுங்காலமாகக் கூடை முடைந்தவர்கள் அல்லர் என்பது வியப்பிற்குரியது. தலைமீது மரத்தட்டைச் சுமப்பதற்காக, முடியையும் நாரையும் திரித்து ஒரு வளையம் செய்வது அவர்களுடைய பழைய வழக்கம். நம் நாட்டில் சும்மாடு என்கிறோமே, அதனை ஒத்தது அது. அந்தக் கைப்பழக்கத்தின்மீது, 1995ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் மன்றம் நடத்திய பயிற்சி முகாம்களில் கூடை முடையும் முறை கற்பிக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அவர்கள் நாட்டின் முதற்பரிசை எட்டினர். இம்முயற்சிக்கு 'ஜான்பி' என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குப் புல் என்பது பொருள். 26 சிற்றூர்களில் 400க்கு மேற்பட்ட பெண்கள் இதில் ஈடுபட்டுள்ளனர். அவ்வூர்கள் பரவிக் கிடக்கும் நிலப்பரப்பு சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்கிற்கும் அதிகம். மன்றத்தின் ஊழியர்கள் வண்டியில் ஊர் ஊராகச் சென்று, மூலப்பொருள் கொடுத்து, பயிற்சி அளித்து, முடைந்த பொருளை விலைக்கு வாங்கி வருகின்றனர். பெண்கள் வீட்டையும் குழந்தைகளையும் விட்டு நகரம் செல்ல வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டில் மீண்டும் முடைதற்கலையே வென்றது. ஆர்னெம் லாண்ட் கடற்கரையை ஒட்டிய மிலிங்கிம்பித் தீவின் மார்கரெட் ராரு கராவுரா என்னும் மூதாட்டியார், தாழை இன ஓலையைக் கிழித்துப் பதப்படுத்தி, பெரியதொரு கப்பற்பாயை முடைந்து முதற்பரிசு பெற்றார். முற்காலத்தில் இந்தோனேசியத் தீவாகிய சுலவேசியின் மக்காசர் துறைமுகத்திலிருந்து கடலட்டை வணிகர்கள் அக்கரைக்கு ஆண்டுதோறும் வந்து சென்றனர். அவர்களுடைய மரக்கலங்களின் பாயைக் கண்டே அக்கரை மக்கள் தாமும் பாய் முடையக் கற்றனர். தம் தந்தையார் அவ்வாறு முடைந்ததைச் சிறுவயதில் பார்த்த நினைவைக் கொண்டே அம்மையார் அதனை மீண்டும் செய்தார். தமிழில் படுக்கும் பாய்க்கும் கப்பலின் பாய்க்கும் பெயர் ஒன்றே அல்லவா? அப்பெயரின் பொருத்தம் அந்தப் பாயைப் பார்த்தால் விளங்கும்.

இதுவரை கூறியது பெருமை. இனிக் கூட்டுறவாளர் கவனிக்க வேண்டிய கணக்கிற்கு வருவோம்.

பரிசு ஆண்டிற்கு ஒரு முறை, ஒருவருக்கோ ஒரு குழுவினருக்கோ கிடைப்பது. எஞ்சியோர் எவ்வாறு வாழ்வது? கிளிஃபர்ட் பாசம் என்னும் புகழ்பெற்ற பூர்வகுடி ஓவியர் எழுதிய 'வார்லுகுலாங்' என்னும் பெரும்படம் 1977ல் 1,200 டாலருக்கு விற்றது. ஓவியர் 2002ல் மறைந்தார். 2007ல் அதே படம் ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று! ஏறிய விலையில் ஒரு காசும் கலைஞர் குடும்பத்திற்குக் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் அன்று அந்நாட்டில் இல்லை. 2010 ஜூன் முதல்தான், 1,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள படைப்பு மறுவிற்பனையாகும்போது 5 சதவிகிதம் கலைஞருக்கோ அவர் வாரிசுக்கோ சேர வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

போலிச் சரக்கின் தொல்லையும் அங்கு உண்டு. பூர்வகுடிப் பாணியில் விற்கும் நினைவுப் பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே செல்கிறது என்று அந்நாட்டு அரசின் ஆணையம் ஒன்று 2022ல் மதிப்பிட்டது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைக் கண்டு மனம் நொந்த நம் நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விரு துன்பங்களுக்கும் எதிராகக் கலைஞர்கள் கண்ட பாதுகாப்பு, தமக்கே உரிய சங்கங்கள். பாப்புன்யா என்னும் பாலைவனக் குடியிருப்பின் ஓவியர்கள் 1972லேயே 'பாப்புன்யா தூலா' என்ற அமைப்பை நிறுவினர். சட்டப்படி அது கம்பெனியாகப் பதிவு பெற்றதே. ஆயினும் உரிமை முழுவதும் பூர்வகுடிக் கலைஞரிடமே உள்ளது. ஆதலின் நோக்கத்தால் அது நமக்கு உறவே. 1984ல் டார்வின் பரிசை முதன்முதலில் பெற்ற மைக்கேல் நெல்சன் ஜகமாரா அவ்வமைப்பைச் சேர்ந்தவர். இன்று இத்தகைய கலை நிலையங்கள் தொலைவூர்கள் பலவற்றில் உள்ளன. வண்ணமும் துணியும் வாங்கித் தருவது, படைப்பைச் செய்தவர் யார் என்பதைச் சான்றுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது, விற்ற பணத்தில் உரிய பங்கைக் கலைஞரிடம் சேர்ப்பது ஆகியன அவற்றின் அன்றாட வேலை. பரிசு மண்டபத்தில் ஒளிரும் பெயருக்குப் பின்னால் இந்தப் பேரேடும் ரசீதும் இருக்கின்றன.

இப்போது நம் முதியவரின் கேள்விக்குத் திரும்புவோம். கலைஞர் என்றும் தொழிலாளி என்றும் பிரிக்கும் பேதம் கையில் இல்லை. பெயர் எழுதப்படுகிறதா இல்லையா என்பதில் பெரும்பகுதி இருக்கிறது. படத்தின் மூலையில் எழுதியவர் பெயர் இருக்கிறது. நம் சங்க விற்பனை நிலையத்துச் சேலையிலோ விலைச் சீட்டு இருக்கிறது; அதை நெய்தவர் பெயரை நாம் தணிக்கை செய்த இடங்களில் காண்பது அரிது. பதினைந்து நாள் தறிக்குழியில் அமர்ந்து புட்டா எடுத்தவர் யார் என்பது கூலிப் பதிவேட்டில் மட்டுமே உள்ளது. வாங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை.

ஆதலால் நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு அனுப்பும் சேலை ஒவ்வொன்றிலும் நெய்தவர் பெயரையும், சாயம் தோய்த்தவர் பெயரையும், ஊரையும் எழுதிய ஒரு சிறு சீட்டு இணைக்கப்படட்டும். பருத்தி விளைத்த சங்கம் தெரிந்தால் அதன் பெயரும் சேரட்டும். ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு சில காசுகளே. அதனைத் தணிக்கையில் ஆட்சேபிக்க மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்.

அந்த முதியவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "பாவு ஓட்டுவதும் இழை புணைப்பதும் என் மனைவிதான், ஐயா. சீட்டில் அவள் பெயரையும் எழுதலாமா?" என்றார். எழுதத்தான் வேண்டும்.